விருந்தாளிகள் வருவதற்குள்

ஜீப்பில் வந்தவர்கள் ஆறு பேர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜர், அவர் மனைவி, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டிருந்த ஒருவர், அப்புறம் கம்பவுண்டரம்மா. மற்ற ஐந்து பேரும் காப்பித் தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள். கம்பவுண்டரம்மா தன் தம்பி செத்த இடத்தைப் பார்க்க வந்தவள். அது அவளைத் தவிர அந்த ஜீப்பில் யாருக்கும் தெரியாது.

தோட்டத்து முதலாளியே வாசலில் நின்று வரவேற்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் தொப்பி, வாய் கொள்ளாத சிரிப்பு. ஒவ்வொருவர் கையிலும் சூடான காப்பிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டை நீட்டிப் பேரும் ஊரும் எழுதச் சொன்னார். கம்பவுண்டரம்மாவின் முறை வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. அப்புறம் தன்னோடு வேலை பார்க்கும் நர்ஸின் பேரை எழுதினாள்.

"தனியாவா வந்திருக்கீங்க மேடம்? வீட்ல யாரும் வரலையா?"

"எல்லாருக்கும் வேலை இருக்குங்க."

"அப்ப அவங்களுக்குக் கொடுத்து வைக்கல!" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இந்தத் தோட்டத்து வேன்தான் தம்பியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியது. கூட வந்த மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்று, "காலையில மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தவரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சிட்டாரும்மா. வலி தெரியாத சாவு" என்றார். டாக்டர் எழுதிய சீட்டும் கையோடு இருந்தது. மாரடைப்பு. தம்பிக்கு முப்பத்தாறு வயது. ஆறடி உயரம், ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்தவனில்லை.

அதைவிடக் கொடுமை, முந்தின நாள் போனில் அவனுக்கும் அவன் மனைவிக்கும் நடந்த சண்டை. இரண்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை, பிள்ளைகள் முகம் மறந்துவிடும் போலிருக்கிறது என்று ஆரம்பித்தவள், பேச்சு முற்றி, "இனிமே நீங்க வந்தா என்ன, வராட்டி என்ன" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். வீடு முழுக்கக் கேட்டது. மறுநாள் பிணம் வந்தது. மாமியார் விடுவாளா? "நீதான்டி என் பிள்ளை நெஞ்சை வெடிக்க வச்சே" என்று வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் சொல்லி அழுதாள். அது பெற்ற வயிறு, ஏதோ பேசுகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இருபத்தோரு வருஷமாக ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நிற்கிற கம்பவுண்டரம்மாவும் ஒரு வார்த்தை சொன்னாள். யாரோ துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "அப்படியும் வருமா?" என்று கேட்டபோது, தம்பி மனைவி காதில் விழும்படியே, "டென்ஷன்ல வரும். வரத்தான் செய்யும்" என்றாள். மாமியார் அழுததையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு சொல்லுக்கு நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் வாரம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தம்பி விரலிலிருந்து கழற்றிய வெள்ளி மோதிரம் ஒரு கவரில் போட்டபடியே கம்பவுண்டரம்மாவின் பீரோவில் கிடந்தது. போன மாதம்தான் அதை எடுத்துப் பார்த்தாள். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. கைப்பையில் போட்டு வைத்திருந்தவள், பிரஷர் மாத்திரை வாங்க வந்த பிணவறைக்காரர் கண்ணில் படும்படி கவுண்டர் மேல் வைத்து, "இது எதுல போட்டுக் கழுவினா வெளுக்கும்?" என்று கேட்டாள். முப்பது வருஷமாகப் பிணத்தோடு பிணமாகக் காலம் தள்ளுகிற மனுஷர் அவர். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருதும்மா?"

"தம்பியோடது. போய்ச் சேர்ந்துட்டான்."

"குழிக்குள்ள இறங்கினாரா?"

"இல்லையே. மாரடைப்பு."

அவர் மோதிரத்தை மெதுவாகக் கவுண்டர் மேல் வைத்தார். "மாரடைப்புல வெள்ளி கறுக்காதும்மா. சாக்கடைக் குழி, கழிவுத் தொட்டி, அந்த மாதிரி இடத்துல விஷக்காத்து அடிச்சுப் போனவங்க மோதிரம், அரைஞாண், பாக்கெட்ல கிடக்கிற சில்லறை எல்லாம் இப்படித்தான் வரும். எத்தனையோ பார்த்திருக்கேன். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அன்றைக்கு அவளுக்கு மாத்திரை எடுக்கக் கை வரவில்லை. தோட்டத்துக்கு மூன்று தடவை போன் போட்டாள். மூன்று தடவையும் முதலாளி வெளியூர். நேரில் போய் அக்கா என்று சொல்லி நின்றால் கேட்டைத் தாண்ட முடியாது என்று புரிந்தது. அந்தத் தோட்டத்தில் வெளியாட்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள் என்று விளம்பரம் கண்ணில் பட்டதும் இடம் பிடித்துவிட்டாள். சொந்தக்காரி வந்தால் கதவு சாத்துகிறவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவளைக் கைகொடுத்து உள்ளே அழைத்துப்போனார்கள்.

முதலாளி நன்றாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். உயரமான மரங்களின் நிழலில், இடுப்பளவு உயரத்துக்குக் கத்தரித்துவிட்ட காப்பிச் செடிகளுக்கு நடுவே அவர்களை நடத்திக்கொண்டு போனார். "காப்பிச் செடியும் பொண்டாட்டியும் ஒண்ணு சார். நிழலும் வேணும், வெயிலும் வேணும். எது எப்ப வேணும்னு மட்டும் வாயைத் திறந்து சொல்லாது" என்றார். பேங்க் மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், ஆளரவம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகப் பறித்தார்கள். விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு சின்னக் கூடை கொடுத்து, சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்கச் சொன்னார். கம்பவுண்டரம்மாவும் பறித்தாள். கை பறித்துக்கொண்டிருந்தது, கண் ஒவ்வொரு பள்ளத்தையும் வாய்க்காலையும் துழாவிக்கொண்டிருந்தது. இங்கேயா? இதுவா?

பழத்தோல் உரிக்கிற மிஷின் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. மேலே பழத்தைக் கொட்டினால், தண்ணீரோடு சேர்த்துத் தோலை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் தள்ளுகிறது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கிழவர். பயந்து பயந்து லீவரைத் தொட்டார். அந்த லீவரின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து, சுற்றுக்குச் சுற்று இறுக்கி, முடிச்சை உள்ளே செருகியிருந்தது.

கம்பவுண்டரம்மா குனிந்து அதைப் பார்த்தாள். வீட்டில் குழாய், ஜன்னல் கம்பி, அம்மாவின் கைத்தடி, எதைப் பிடித்தாலும் வழுக்கக்கூடாது என்று இதே மாதிரி டியூபைச் சுற்றி வைத்திருப்பான் தம்பி. முடிச்சு வெளியே தெரிந்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

"வழக்கமா இந்த மிஷினை யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"முன்னாடி ஒருத்தர் இருந்தாரு மேடம். சத்தத்தைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிருவாரு. அப்படி ஒரு ஆளு." முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு. நல்ல ஆளு எங்க நிலைச்சு நிக்கறான் இந்தக் காலத்துல?"

"எங்க போனாரு?"

"ஊருக்குத்தான்."

பொய் சொல்கிறவன் முகத்தில் ஏதாவது தெரியும் என்பார்கள். ஒன்றுமே தெரியவில்லை. கேமராக்காரர், கொட்டகையிலிருந்து வெளியே ஓடுகிற பழுப்புத் தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டே, "இந்தத் தண்ணியெல்லாம் எங்க சார் போகுது?" என்றார்.

"கீழ ஒரு தொட்டி இருக்கு. அது பார்க்கிற மாதிரி இடமில்ல. வாங்க, களத்துக்குப் போலாம்."

களம் என்பது ஒரு பெரிய சிமெண்டுத் தரை. கழுவிய கொட்டைகளை அதில் பரப்பி, மரப்பலகையால் தள்ளித் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் தலை நிமிர்ந்தார். பலகை நின்றது. அந்த மேஸ்திரி.

கம்பவுண்டரம்மா பார்வையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. இப்போது வாயைத் திறந்து, "இந்தம்மா யாருன்னு தெரியுமா முதலாளி?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, மூட்டை அடுக்குகிற கொட்டகைப் பக்கம் நடந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முதலாளி புதுப்பெண்ணுக்குக் கொட்டையைக் கடித்துப் பதம் பார்ப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். கம்பவுண்டரம்மா கைகழுவப் போகிறவள் மாதிரி நகர்ந்தாள்.

மூட்டைகளுக்குப் பின்னால் மேஸ்திரி நின்றிருந்தார். எட்டு மாதத்தில் எட்டு வருஷம் மூத்திருந்தார்.

"எதுக்கும்மா வந்தீங்க?"

அவள் கைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "வலி தெரியாத சாவுன்னு சொன்னீங்களே மேஸ்திரி, அதைப் பத்திக் கேக்க வந்தேன்."

அவர் மோதிரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கழிவுத் தொட்டிம்மா. கொட்டகைக்குக் கீழ இருக்கு. பழத்தோலும் தண்ணியும் போய் அழுகுற இடம். அன்னைக்குக் குழாய் அடைச்சிருச்சு. முந்தின வாரம் வந்த விருந்தாளிங்க நாத்தம் நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. மறுபடி ஆளுங்க பத்து மணிக்கு வர்றாங்க. அதுக்குள்ள அடைப்பை எடுன்னாரு முதலாளி."

"தம்பிதான் இறங்கணுமா? அவன் மிஷின் பார்க்கிறவனாச்சே?"

"குழாய் எங்க வளையுது, எங்க அடைக்கும்னு அவருக்குத்தாம்மா தெரியும். அவரே சொன்னாரு, மூடியைத் திறந்து ஒரு நாள் காத்தாட விடணும், தண்ணியை இறைச்சுட்டுத்தான் இறங்கணும்னு. முதலாளி வாட்சைக் காட்டினாரு, ஒன்பதே முக்கால். ஒரு நிமிஷ வேலைக்கு ஒரு நாள் கேக்கிறியான்னாரு. அவரு என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டு, 'சரி விடுங்கண்ணே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்திடறேன்'னு ஏணியில இறங்கினாரு. நாலாவது படி. கையை விட்டுட்டாரு. அவ்வளவுதாம்மா, ஒரு சத்தம் இல்ல."

கம்பவுண்டரம்மா மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோ குதிக்கப் போனான். வாய் ஓயாமப் பேசுவான், அதனால ரேடியோன்னு பேரு. அவனும் உங்க தம்பியும் ஒரே ரூம்ல இருந்தவங்க. நான்தான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடிச்சு இழுத்தேன். அவனும் போயிருப்பான்மா. என் கையைக் கடிச்சான். அன்னையிலேர்ந்து என்கிட்டப் பேசறதில்ல. யார்கிட்டயும் பேசறதில்ல. கொக்கி கட்டி மேல தூக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த நேரத்துல விருந்தாளிங்க வந்து இறங்கிட்டாங்க. மேல வராந்தாவுல காப்பி குடிச்சுக்கிட்டிருந்தாங்க. சிரிப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு."

"டாக்டர் சீட்டு?"

"முதலாளிக்கு வேண்டப்பட்ட டாக்டர். சொன்னதை எழுதினாரு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க வீட்ல வந்து பொய் சொன்னவன் நான்தாம்மா. முதலாளி சொல்லச் சொன்னாரு, சொன்னேன். தோட்டத்துல கொடுத்த இந்த வரிசை வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது. பொண்டாட்டி நடமாட்டமில்லாம கிடக்கா. அடிக்கணும்னா அடிங்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அடிக்க வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. கை எழவில்லை.

மத்தியானச் சாப்பாடு வராந்தாவில் நடந்தது. கம்பவுண்டரம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜீப் நாலு மணிக்கு. அதற்குள் முதலாளியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் காற்று திசை மாறியது. கீழேயிருந்து ஒரு வாடை ஏறி வந்தது. கெட்டுப்போன முட்டையை உடைத்த மாதிரி.

"ஐயே, என்ன கண்றாவி இது?" மேனேஜர் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளினாள். "சாப்பிட உக்கார்ந்த இடத்துல!"

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிக்கணும் மேடம், அஞ்சே நிமிஷம்." வராந்தா ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். "மேஸ்திரி! அந்தக் குழாயைப் பாருய்யா! என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க எல்லாரும்?"

யார் கேட்டாலும் சாதாரணமாக விட்டுவிடக்கூடிய வார்த்தைதான். கம்பவுண்டரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாஷ்பேசின் அந்தப் பக்கம் மேடம்" என்று முதலாளி சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, சறுக்குகிற மண்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே, தரையோடு தரையாக ஒரு சிமெண்டு மேடை. நடுவில் ஒரு ஆள் நுழைகிற சதுர ஓட்டை. இரும்பு மூடியை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஏணியின் இரண்டு கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒல்லியான ஒரு மனிதர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி கயிற்றோடு நின்றிருந்தார்.

"இவருதான் ரேடியோவா?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் துணியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். மேஸ்திரி நிலத்தைப் பார்த்தார்.

"நான் உங்க நெட்டை சிநேகிதனோட அக்கா" என்றாள்.

ரேடியோவின் வாய் கோணியது. எட்டு மாதமாகப் பேசாதவர், "அக்கா" என்றார்.

அவள் மூடியைப் பிடித்து இழுத்தாள். கனமான மூடி, அசையவில்லை. ரேடியோ குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக ஏணியை வெளியே உருவிப்போட்டு, மூடியை ஓட்டையின் மேல் இழுத்துவிட்டார்கள். கம்பவுண்டரம்மா அதன் மேல் உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி, நல்ல கனமான உடம்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கனம் அவளுக்கு உபயோகப்பட்டது.

முதலாளி மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னாலேயே விருந்தாளிகளும், என்னவோ ஏதோ என்று.

"மேடம், என்ன இது? இங்கெல்லாம் வரக்கூடாது. ஆபத்தான இடம்."

"ஆபத்துன்னு தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு ஆளை இறக்கறீங்க?"

"நீங்க முதல்ல எழுந்திரிங்க."

"ஊருக்குப் போயிட்டான்னு சொன்னீங்களே, அந்த மிஷின்காரன், அவன் என் கூடப் பொறந்தவன். உங்க வேன்லதான் ஊருக்கு வந்தான். படுத்துக்கிட்டு வந்தான்."

கேமராக்காரர் தூக்கிய கேமராவை இறக்கினார். முதலாளியின் எப்போதும் காயாத சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று என்று சொல்கிற அதே குரல். பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு நாற்றம் அடிக்கக்கூடாது என்பதற்காக என் தம்பி ஒன்பதே முக்காலுக்கு இதில் இறங்கினான். அவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் மேலே வந்தான். யார் சொன்னது என்று முதலாளி கேட்டபோது, மோதிரத்தைக் காட்டி, "இதுதான் சொல்லுச்சு" என்றாள். மேஸ்திரியின் பக்கம் பார்க்கவே இல்லை.

புதுப்பெண் அழ ஆரம்பித்தாள். அவள் புருஷன் அவளை அணைத்துக்கொண்டு, "வா போலாம், நமக்கு எதுக்கு இது" என்றான். மேனேஜர், "இதெல்லாம் போலீஸ் சமாச்சாரம்மா. முறைப்படி எழுதிக் கொடுக்கணும்" என்று பொதுவாகச் சொன்னார். அவர் மனைவி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"யாரும் இறங்கப் போறதில்ல. எழுந்திரிங்க" என்றார் முதலாளி.

"இன்னைக்கு இறங்க மாட்டாங்க. நாலு மணிக்கு நான் ஜீப்ல ஏறின உடனே இறங்குவாங்க. கழிவு உறிஞ்சற லாரியைக் கூப்பிடுங்க. அது வந்து நிக்கட்டும். அப்ப எழுந்திருக்கறேன்."

அவர் மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், உங்கம்மா மனசு நோகக்கூடாதுன்னுதான் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்று கூடச் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் முதலாளி லாரிக்குப் போன் போட்டார். நாலு மணிக்கு ஜீப் கிளம்பிப் போனது. மற்ற ஐந்து பேரும் அதில் போனார்கள். ரேடியோ மட்டும் ஏணியின் மேல் உட்கார்ந்து அவளுக்குத் துணையிருந்தார். தம்பி சோற்றில் கல் கிடந்தால் கோபித்துக்கொள்ளாமல் எண்ணி வரிசையாக அடுக்கி வைப்பான் என்றார். போனில் சண்டை போட்ட அன்றைக்கு, போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "என் பொண்டாட்டிக்கு என் மேல உசிரு, அதான் இப்படிக் கத்தறா. சம்பளம் வாங்கின கையோட போயிடணும்" என்று சொன்னான் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குத் தெரியாது, இந்த ஒரு வரிக்காகத்தான் அவள் இத்தனை தூரம் வந்திருக்கிறாள் என்று. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மூடியின் மேல் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதாள்.

ஐந்தரைக்கு லாரி வந்தது. லாரிக்காரர் குழாயை இறக்கி, மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். "இதுல போய் ஆளை இறக்குவாங்களா? ஒரு போன் அடிச்சிருந்தா வந்திருப்பேனே" என்றார் யாரிடம் என்றில்லாமல். இருபது நிமிஷத்தில் தொட்டி காலியாகிவிட்டது. கம்பவுண்டரம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம்.

மறுநாளே தம்பி மனைவியைப் பார்க்க அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒரு அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே பிள்ளைகளின் புத்தகப் பை. அச்சகத்திலிருந்து கூலிக்கு மடிக்கக் கொண்டுவந்த தாள்கள் சுவரோரம் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. தம்பி மனைவி ஒவ்வொரு தாளாக எடுத்து மடித்து, விரல் நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. கம்பவுண்டரம்மா தானாகவே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மோதிரம், மேஸ்திரி, தொட்டி, ரேடியோ சொன்னது. சொல்லி முடிக்கும்வரை மடிப்பது நிற்கவில்லை.

"எவ்வளவு நேரம் உள்ள கிடந்தாரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "முக்கால் மணி."

"உசிரோடவா?"

"இல்லம்மா. நாலாவது படியிலயே போயிட்டான். ஒரு நிமிஷங்கூட ஆகியிருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான்.

"எட்டு மாசமா நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் அண்ணி. அதோடயே எந்திரிச்சு, அதோடயே படுத்துப் பழகிப்போச்சு. ஆனா வலி தெரியாமப் போனாருன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் மடித்த தாளைக் கீழே வைத்தாள். "இப்ப அதையும் வாங்கிட்டீங்க."

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா."

"ஆமா. தப்புதான்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் எப்போதும் பேசிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கயாவது எழுதிக் கொடுக்கணும்னா என் கையெழுத்தும் வேணுமில்ல?" என்று அவளே கேட்டாள்.

தொழிலாளர் நல ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக்குத் தோட்டத்துக்குப் போன அதிகாரியிடம் மேஸ்திரி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். ரேடியோவைக் கேட்கலாம் என்றால், லாரி வந்துபோன மூன்றாம் நாளே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கே போனார் என்று இன்றுவரை துப்பில்லை. ஓய்வுபெற்ற மேனேஜருக்கும் கேமராக்காரருக்கும் கம்பவுண்டரம்மா விலாசம் தேடிப்பிடித்துக் கடிதம் போட்டாள். மேனேஜரிடமிருந்து பதில் இல்லை. கேமராக்காரர் அன்று எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். பழங்களும் செடிகளும் பழுப்புத் தண்ணீரும்தான், தொட்டி ஒன்றில்கூட இல்லை.

மூன்றாவது தடவை ஆபீஸுக்குப் போனபோது, புதிதாக மாறி வந்திருந்த கிளார்க் பைலைப் புரட்டிவிட்டு, "இறந்ததுக்குக் காரணம்?" என்று கேட்டார். கம்பவுண்டரம்மா வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி சொன்னாள்.

"கழிவுத் தொட்டியில இறக்கிக் கொன்னாங்க. எழுதிக்கோங்க."

"சர்டிபிகேட்ல மாரடைப்புன்னு இருக்கேம்மா."

"அது பொய்."

"இருக்கலாம். ஆனா இதுல அப்படித்தான் இருக்கு." கிளார்க் நல்ல மனுஷர்தான், குரலில் கடுமை இல்லை. பைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த மாதம் பதினேழாம் தேதி வரச் சொன்னார்.

பதினேழாம் தேதி இரண்டு பேரும் போனார்கள்.